முழங்கையில் ஒட்டிய அம்பு

எனக்கு வந்திருப்பது டென்னிஸ் எல்போ என்று எலும்பு டாக்டர் சொன்னபோது, அவர் வேறு யாருடைய எக்ஸ்ரேயையோ பார்க்கிறார் என்று நினைத்தேன். நான் வாழ்க்கையில் பிடித்த ஒரே மட்டை கொசு பேட். அதுவும் இடது கையால். ஆனால் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நாளெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து சட்டையைப் புரட்டி, பழுது தேடி, சரிசெய்யக்கூடியதை ஆல்ட்டருக்கும் ஆகாததை ரிஜெக்ட்டுக்கும் ஒதுக்கி, நூல் பிசிறு வெட்டுகிறவனுக்கும் இதே நோய்தான் வருமாம். பெயர் விளையாடுகிறவனுக்கு, வலி எனக்கு.

முதலாளி என் மகன் வயதுக்காரர். மரியாதை தெரிந்தவர், மரியாதையாகவே வெட்டினார். "அடுத்த மாச ஷிப்மென்ட்டுக்குள்ள கை சரியாகலீன்னா சொல்லுங்கய்யா, கேட்டுல சேர் போட்டுத் தர்றேன். காத்தாட உக்காந்து வண்டி எண்ணிக்கிட்டிருங்க." எனக்கு எண்ணப் பிடிக்கும் என்பது கம்பெனிக்கே தெரியும். அதற்காக வாட்ச்மேனின் குடும்பச் சண்டையைக் கேட்டுக்கொண்டே லாரி எண்ண முடியுமா? என் ஸ்டூலை விடுவதாக இல்லை.

டாக்டர் அதிர்வலை சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு தடவை. வேலம்பாளையம் போகிற வழியில் பிசியோதெரபி சென்டர். வலிக்கிற இடத்தை அங்கே யாரும் தேடித் தடவிக்கொண்டிருக்க வேண்டாம் என்று, பழுதான சட்டைக்கு ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை முழங்கையில் ஒட்டிக்கொண்டு கிளம்பினேன். மனைவி பார்த்தாள்.

"ஏனுங்க, பழுது அங்க மட்டுந்தானுங்களா? மண்டைக்கு ஒண்ணு எடுத்தாரலீங்களா?"

பிசியோ பெண்ணுக்குத் தென்காசிப் பக்கம். ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்தாள். "அழுத்திப் பாக்கணும் தாத்தா."

"எதுக்குங்க? நாப்பது வருசமா பழுதுக்கு அடையாளம் வெக்கறவன் நானு."

ஸ்டிக்கரைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டாள். ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு ஜெல் தடவி, வட்டத்துக்குள் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து அழுத்தினாள். தோலுக்குள் ஓவர்லாக் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி படபடத்தது. திரையில் இரண்டாயிரம் அடி என்று போட்டிருந்ததால் நானும் கூடவே எண்ணினேன். நடுவில் அவள் "வலிக்கா தாத்தா?" என்று கேட்டுக் கணக்கைக் கெடுத்தாள். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

"துளிகூட இல்லீங்க."

"கொஞ்சமாவது வலிக்கணுமே."

என் உடம்பு அப்படிப்பட்ட உடம்பு என்று பெருமையாகப் படுத்திருந்தேன்.

ஒரு வாரம் போயும் காபி டம்ளரைத் தூக்கினால் முகம் கோணியது. புதிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, மெஷின் சரியில்லை என்று சண்டைக்கே போய் நின்றேன். அவள் முழங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தாத்தா, வலி இந்த ஸ்டிக்கருக்கு அடியிலயா, அம்பு காட்டுத இடத்துலயா?"

"பழுது மேலயே யாராச்சும் ஒட்டுவாங்களா? பசை ஒட்டிக்கிட்டா பழுதே தெரியாதுங்க. பக்கத்துல ஒட்டி, முனையை அதுக்கு நேரா வெக்கோணும்."

பாடம் நடத்தி முடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. சொந்த முழங்கையில், ஒரு விரல் தள்ளி, ஒரு பாவமும் அறியாத சதைக்கு அவ்வளவு அடியும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அவள் அம்பு முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்களின் பேச்சு நின்றது.

"ஆங், இதான்" என்று மெஷினை வைத்தாள். அன்று நான் அடிகளை எண்ணவில்லை. கூப்பிட்ட சாமிகளை வேண்டுமானால் எண்ணியிருக்கலாம்.

வீணாய்ப் போனதற்கும் சேர்த்து ஒரு தடவை கூடுதலாகப் போய் வந்தேன். மெல்ல மெல்ல டம்ளர் வசப்பட்டது. ஷிப்மென்ட்டுக்கு முன்பு கம்பெனிக்குப் போனால், என் ஸ்டூலில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது, உட்காரும் இடத்தைக் காட்டிக்கொண்டு. பக்கத்து டேபிள் அம்மணியின் வேலை.

"ஏனுங்கய்யா, இந்தப் பீஸு ரிஜெக்ட்டுங்களா, ஆல்ட்டருங்களா?"

"ஆல்ட்டர் முடிஞ்சு வந்துருச்சுங்க, அம்மிணி" என்று சொல்லி ஸ்டிக்கரைப் பிய்த்தேன். பிய்க்கும்போது முழங்கை சுருக்கென்றது. முதலாளி அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். கோணிய முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, முதல் சட்டையைப் புரட்டினேன்.