ஜெயந்தியும் என் மகளின் விண்ணப்பமும்

உப்புவெளி பஸ் தரிப்பில் நின்றபோது ஆலைக் காவலாளி அழைத்தார். "ஜெயந்தி மிஸ் போயிட்டா" என்றார். "உள்ளுக்க என்ன நடந்தது?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. ஆலையில் எதுவும் நடக்கவில்லை. காலையில் வீட்டுக் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றவருக்கு மாரடைப்பு. வயது நாற்பத்தேழு. இத்தனை வருடமும் நான் வேறு இடத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

துறைமுகத்துக்கு அருகே, எங்கள் மீன் பதனிடும் ஆலையில் அவர் பொறியியலாளர். நான் அலுவலக லிகிதர். அமோனியா கசிந்த அந்த மத்தியானத்தை, அவரோடு வேலை செய்த நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எல்லோரும் வாயிலுக்கு ஓட, அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு குளிரூட்டி அறைக்குள் போனார். வால்வை மூடிவிட்டு வந்து மதிலோரம் குந்தியிருந்து சத்தி எடுத்தார். நான் கொடுத்த தண்ணீரில் பாதியால் முகத்தைக் கழுவினார்.

அந்த வாரந்தான் என் மகள் ஆர்த்தி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். பொறியியல் முதலாவது, வணிக முகாமைத்துவம் இரண்டாவது என்று எழுதித் தந்து, கணினியில் பதிந்துவிடச் சொன்னாள். நான் அந்த வரிசையை மாற்றிப் பதிந்தேன். முகாமைத்துவம் படித்தால் ஏதாவது கந்தோரில் கதிரையில் இருந்து வேலை செய்வாள், எந்த வால்வையும் மூடப் போகமாட்டாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஜெயந்தியிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை.

"பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"திருத்த எத்தினை நாள் இருக்கு?"

"நாலு."

"அப்ப இண்டைக்கு நானும் உங்களோட வாறன்."

அன்று பின்னேரம் அவர் பக்கத்தில் இருக்க, மகளிடம் சொன்னேன். ஆர்த்தி என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் கேட்டாள்.

"அன்ரி, உங்களுக்கு அந்தக் குளிரூட்டி அறைக்குள்ள போகப் பயமில்லையா?"

"பயந்தான். பயமில்லாத ஆளோட நான் அந்த அறைக்குள்ள போகமாட்டன். அம்மா பயந்தது பிழையில்ல, ஒளிச்சதுதான் பிழை."

"எதைப் படிச்சா வேலை நிச்சயம்?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. என்ர தம்பி முகாமைத்துவம், நான் பொறியியல். நாடு இருக்கிற நிலையில வேலை போயிடுமோ எண்டு ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான் பயந்துகொண்டு இருக்கிறம்."

எங்கள் வீட்டில் அப்படி ஒரு பதிலை யாரும் சொன்னதில்லை. எல்லோரும் நிச்சயத்தைத்தான் சொல்வார்கள்.

ஆர்த்தி இரண்டு நாள் யோசித்துவிட்டு, பொறியியலையே முதலாவதாகத் தன் கையால் பதிந்தாள். என்னோடு கதைக்க ஒரு வாரம் எடுத்தாள். இப்போது பொறியியல் மூன்றாம் வருடம். தொழிற்சாலைப் பயிற்சிக்கும் போய் வருகிறாள். அவளுடைய அழைப்பு வந்தால், குரலைக் கேட்கும்வரை எனக்குப் பயந்தான்.

ஜெயந்தி இறந்த செய்தி வந்த அன்று ஆர்த்திக்குப் பரீட்சைக் காலம். முடிந்த பிறகு சொல்லலாம் என்று போனைப் பையில் வைத்தேன். ஒரு பஸ் போனது, இன்னொன்றும் போனது. பிறகு அவளை அழைத்துச் சொன்னேன். அழுதாள். அடுத்த சோதனைக்கு இரண்டு நாள் இருக்கிறது, செத்தவீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

ஜெயந்தி என் பயத்தைப் போக்கிவிட்டுப் போகவில்லை. அதை ஒளிக்காமல் இருக்கப் பழக்கினார். என்னிடம் அவருடையதாக மிஞ்சுவது அதுதான். செத்தவீட்டுக்கு வர மகள் பஸ் ஏறிவிட்டு அழைத்தபோது சொன்னேன், "எனக்குப் பயமாக் கிடக்கு, ஆர்த்தி."

"எனக்கும்தான் அம்மா" என்றாள்.