மொட்டையடித்த கரை

ஆற்றுப் பராமரிப்பு அலுவலகத்தில் அவள் தாவரவியல் அலுவலர். எல்லோரும் ‘கோரை மேடம்’ என்பார்கள். கேலியாக வைத்த பெயர்தான். ஒட்டிக்கொண்டது, அவளும் உதறவில்லை. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் குப்பைமேடாகக் கிடந்த ஆற்றங்கரையை அவளிடம் ஒப்படைத்தபோது, தொல்லை விட்டது என்றுதான் மேலதிகாரிகள் நினைத்திருப்பார்கள்.

அவள் குப்பையை அள்ளவைத்தாள். தண்ணீர் தொடும் விளிம்பில் கோரை, அடுத்து நாணல், அதற்கு மேல் புதர்ச்செடிகள், உச்சியில் மரங்கள். ஒவ்வொன்றின் வேரும் ஒவ்வோர் ஆழத்தில் மண்ணைப் பிடிக்கும். மூன்றாம் வருடம் யாரும் நடாத செடிகள் முளைத்தன. விதைகளை ஆறே கொண்டுவந்து சேர்த்திருந்தது. இனிமேல் அது தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று அன்று கணவனிடம், பிள்ளையைக் கரையேற்றிவிட்டவள் போலச் சொன்னாள். அவன் அந்தப் பணிமனையில்தான் மெக்கானிக்.

மாமியாரின் அறுவைச் சிகிச்சைக்காக அவள் விடுப்பில் இருந்த வாரம், மந்திரி வருகிறார் என்று தலைமைப் பொறியாளர் பொக்லைனை இறக்கிவிட்டார். அவள் திரும்பி வந்தபோது, சுருட்டிக் கொண்டுவந்து விரித்த புல்தரைதான் கரை முழுக்க. நடுவில் ஒரு பளிங்குக் கல். ‘ஆற்றங்கரை மீட்பு’ என்ற தலைப்பின் கீழ், வடிவமைத்தவர் என்று அவள் பெயர்.

நேரே பொறியாளர் அறைக்குப் போனாள்.

“புதர் மண்டிக் கிடந்துச்சு மேடம். இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு” என்றார் அவர்.

“மொட்டை அடிச்சிட்டு, தலை சீவி விட்டேன்னு சொல்றீங்க. அந்தப் புல்லுக்கு வேர் நாலு விரக்கடைதான். தண்ணி வந்தா பாய் மாதிரி சுருட்டிட்டுப் போயிடும். என் பேரை எடுங்க.”

கல்லில் வெட்டியதை எடுக்க முடியாது, உங்களுக்குப் பெருமைதானே என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் பட்டப்பகலில் கணவனின் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனாள். அவன் தடுக்கவில்லை, சில்லு தெறிக்கும், கண்ணைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னான். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்க, தன் பெயரை எழுத்தெழுத்தாகக் கொத்தி எடுத்தாள். அரசுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகச் சொல்லி அவளைப் பண்டகசாலைக்கு மாற்றினார்கள்.

அந்த மழைக்காலத்தில் வெள்ளம் வந்தது. புல்தரை போயிற்று, அதன் அடியில் இருந்த மண்ணும் போயிற்று, பணிமனையின் பின்சுவர் ஆற்றில் சரிந்தது. விசாரணை அறிக்கை ‘இயற்கைச் சீற்றம்’ என்றது. அலுவலகக் கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் அதை வாசித்தபோது பின்வரிசையிலிருந்து அவள் எழுந்தாள்.

“ஆத்து மேல பழியைப் போடாதீங்க சார். இதைவிடப் பெரிய வெள்ளத்தை அந்தக் கோரையும் நாணலும் தாங்கியிருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டு வழிச்செடுத்தீங்க. அதை எழுதுங்க.”

யாரும் எழுதவில்லை. பொறியாளருக்குப் பதவி உயர்வு வந்தது. கரைக்குக் கான்கிரீட் வந்தது.

எதிர்க்கரை வேறோர் அலுவலகத்தின் எல்லை. அங்கே கேட்டதற்கு, எங்களிடம் ஆளில்லை, வேண்டுமானால் நீங்களே நட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். விடுமுறை நாட்களில் கணவனும் அவளும் முழங்கால் சேற்றில் இறங்கி நாணல் நடுகிறார்கள்.

“இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு இனிமே நெஜமாவே சொல்லலாம்” என்று அவன் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கான்கிரீட் கண்ணில் படாதபடி அதற்கு முதுகைக் காட்டி நின்று, அடுத்த நாற்றைச் சேற்றில் அழுத்தினாள்.