பொட்டு வைத்த தொடுதிரை

அறிவியல் வாத்தியாருக்கு இப்போது வேண்டிய முதல் தகுதி, பிளக்கைப் பிடுங்கி மறுபடியும் சொருகத் தெரிவதுதான். ஸ்மார்ட் போர்டு முன்னால் நின்று, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக் கையைப் பிசைந்த சக வாத்தியார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் ஒதியம்பட்டிலிருந்து பைக்கில் சுத்துக்கேணிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குப் போய் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவன். மாதம் தவறாமல் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். அதில் 'தொழில்நுட்ப உதவியுடன் நடத்திய பாடம்' என்று ஒரு கட்டம், 'பயனடைந்தோர் எண்ணிக்கை' என்று இன்னொரு கட்டம். அந்த இரண்டாவது கட்டத்தில் நான் மாட்டிக்கொண்ட கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

மூலைக்கு ஓடும் அம்பு

போர்டு வந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பள்ளியில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். தண்ணீர் மோட்டார், மணி, ஹெட்மாஸ்டரின் ஸ்கூட்டர், கடைசியாக ஸ்மார்ட் போர்டு. வைத்தவள் என் வகுப்புப் பவித்ரா. போர்டை என்னைவிட நன்றாக இயக்குவாள். நான் எங்கே தொடுவது என்று தடுமாறினால், "தள்ளுங்க சார்" என்று வந்து இரண்டு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போவாள். அந்த உரிமையில் சட்டத்தின் நான்கு மூலையிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள்.

விடுமுறை முடிந்து வந்தால் போர்டுக்குப் பேய் பிடித்திருந்தது. எங்கே தொட்டாலும் அம்பு கீழ் மூலைக்கு ஓடியது. இதயம் படத்தைத் திறந்தால் தானாகவே மூடிக்கொண்டது. நான்கு நாள் கழித்து டவுனிலிருந்து ரிப்பேர்காரர் வந்து, ஈரத்துணியால் மூலையைத் துடைத்தார். அவ்வளவுதான், சரியாகிவிட்டது. சட்டத்துக்குள் வரிசையாகக் கண் மாதிரி சென்சார் இருக்கிறதாம். சந்தனம் அதை மறைத்தால், யாரோ விரலை வைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று போர்டு நினைத்துக்கொள்ளுமாம். பவித்ராவின் முகம் சுண்டிப்போனது. அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"பொட்டு இருக்கிற வரைக்கும் அது வேற யாரு சொல்றதையும் கேக்காதும்மா."

நிறம் மாறாத தாள்

போர்டு வந்த பிறகு சோதனைக்கூடம் பூட்டோடு நின்றுவிட்டது. போர்டிலேயே குடுவை, போர்டிலேயே அடுப்பு. விரலால் இழுத்து அமிலத்தை ஊற்றினால் லிட்மஸ் தாள் சிவக்கும். கை சுடாது, கண்ணாடி உடையாது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஒரு நாளாவது நிஜத் தாளைக் காட்டலாமென்று அட்டெண்டர் முனுசாமி அண்ணனிடம் சாவி வாங்கித் திறந்தேன். பிள்ளைகள் தூசிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்றார்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தாளை நனைத்தேன். பழைய தாள், நீலமும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் அப்படியே கிடந்தது. என் முகத்தைப் பார்த்து முனுசாமி அண்ணனுக்கே பாவமாகிவிட்டது.

"வுடுங்க சார், போர்டுல செவப்பாச்சு இல்ல, அது போதும்."

ஆள் படம்

அரையாண்டு விடுமுறையில் பவித்ராவின் அண்ணன் சதீஷ், செல்லிப்பட்டுப் படுகை அணையில் குளிக்கப் போய் முழுகிவிட்டான். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த பையன். அன்று இருட்டும்வரை தேடினார்கள், மறுநாளும் தேடினார்கள். மூன்றாம் நாள் காலையில் உடல் தானாக மேலே வந்தது. நானும் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். காரியம் முடிந்து பவித்ரா பள்ளிக்கு வந்தாள். பேச்சு குறைந்திருந்தது.

இதெல்லாம் தெரிந்த நான்தான் அடுத்த மாதமே 'மிதத்தலும் மூழ்குதலும்' பாடத்தை எடுத்தேன். போர்டில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர்; பக்கத்தில் கட்டை, செங்கல், இரும்பு, ஓர் ஆள் படம். புதிதாக ஒன்று கிடைத்த குஷியில் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. வழக்கம்போலப் பவித்ராவைக் கூப்பிட்டேன். கட்டையைப் போட்டாள், மிதந்தது. செங்கல்லைப் போட்டாள், மூழ்கியது. பின்வரிசையில் எவனோ "ஆளப் போடு, ஆளப் போடு" என்றான். "போடும்மா" என்று சொன்னது நான்தான். இதை எழுதும்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போட்டாள். படம் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பவித்ரா அழவில்லை. என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிளக்கைப் பிடுங்கினேன். "கரன்ட் போயிடுச்சு, நாளைக்குச் சொல்றேன்" என்றேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கேட்டது இதுதான்:

"முழுவுனா முழுவுனதுதான சார்? அப்ப எங்கண்ணன் மூணா நாளு எப்பிடி சார் மேல வந்தான்?"

சாம்பல் நிற டிக்

மறுநாள் பவித்ரா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அம்மா அவளைக் கண்ணை விட்டு அகல விடுவதில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் படிப்பு அத்தோடு நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். வாத்தியாருக்குத் தெரிந்த சுலபமான வழியைச் செய்தேன். பள்ளிப் பதிவேட்டில் இருந்த வீட்டு நம்பருக்கு வாட்ஸ்அப்பில் பாட வீடியோக்களை அனுப்பினேன். ஒலி அனுப்பினேன், ஈர்ப்பு விசை அனுப்பினேன், திசுக்கள் அனுப்பினேன். மிதத்தலை மட்டும் அனுப்பவில்லை.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாம்பல் நிற டிக் விழும். யாராவது திறந்து பார்த்தால் நீலமாக வேண்டும், மாறவே மாறாது. இடைவேளையில் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்த என்னைத் தமிழ் எடுக்கும் லூர்து மேரி டீச்சர் ரொம்ப நாள் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் டீ டம்ளரை வைத்துவிட்டுச் சொல்லிவிட்டார்.

"அந்தப் பொண்ணு ஒண்ணு கேட்டுது. நீங்க அத வுட்டுட்டு மத்தது எல்லாத்தயும் அனுப்புறீங்க சார்."

சாமி அலமாரி

அன்று சாயங்காலமே போனேன். பவித்ராவின் அம்மா "வாங்க சார்" என்றார். சாமிப் படங்கள் இருந்த அலமாரியில் ஒரு செல்ஃபோன் சாத்திவைக்கப்பட்டிருந்தது. சார்ஜர் வயர் தொங்கியது. சுற்றிக் கனகாம்பரச் சரம். நான் அனுப்பிய வீடியோக்கள் வந்து விழுந்த ஃபோன் அதுதான். சதீஷின் ஃபோன். அவன் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன, ஒன்றைக்கூட யாரும் பிரிண்ட் போட்டதில்லை. அம்மா பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினார். திரையில் அவன் சிரித்தான். கண்ணாடி மேல், சரியாக அவன் நெற்றிக்கு நேராக, சந்தனப் பொட்டு.

பவித்ரா தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

"பொட்டு இருந்தா டச் ஆவாது சார், ஒங்களுக்குத் தெரியும் இல்ல. அழிக்க அம்மா வுடாது."

கேள்விக்குப் பதில்

அம்மா காபி போட உள்ளே போனபோது பவித்ரா குரலைத் தாழ்த்தினாள். அந்தக் கேள்வியை அவள் தனக்காகக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மேலே வந்தான் என்றால், இரண்டு நாளும் உயிரோடுதான் இருந்து மேலே வரப் பார்த்திருக்கிறான், இருட்டிவிட்டது என்று நாம்தான் விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று அம்மா தினம் சொல்லிச் சொல்லி அழுகிறாராம். அதற்கு ஒரு பதிலை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் அவள் என்னைக் கேட்டிருக்கிறாள். நான் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறேன்.

காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னேன். "தண்ணிக்குள்ள போன சில நிமிஷத்துலயே நெனவு போயிடும்மா. அதுக்கப்புறம் அவனுக்கு ஒண்ணும் தெரியாது. உசுரு போன ஒடம்புல மெல்ல மெல்லக் காத்து உண்டாகும், ரெண்டு மூணு நாளாவும். எடை அதே எடைதான், ஒடம்புதான் உப்பிடும். அப்ப தண்ணி தூக்கிடும். அவன் மேல வரலம்மா. தண்ணிதான் தூக்கியாந்துது." இந்தப் பாடத்தை எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். அன்று ஒவ்வொரு சொல்லுக்கும் பயந்தேன்.

அம்மா திரும்பி அலமாரியைப் பார்த்தார். பிறகு என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இல்லம்மா, கூப்புடல" என்றேன். அதற்கப்புறம்தான் வாய்விட்டு அழுதார். அவர் கேட்டது:

"அப்ப எம்புள்ள அந்த ரெண்டு நாளும் என்னக் கூப்புடல, இல்ல சார்?"

திங்கட்கிழமை பவித்ரா பள்ளிக்கு வந்தாள். நான் அந்த மாதப் படிவத்தில் பாடத்துக்கு நேராக 'மிதத்தலும் மூழ்குதலும்' என்று எழுதிவிட்டு, பயனடைந்தோர் எண்ணிக்கையில் ஒன்று என்று போடுவதா, இரண்டு என்று போடுவதா, என்னையும் சேர்த்து மூன்று என்று போடுவதா என்று தெரியாமல், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.