குமிழில் ஒட்டிய பிளாஸ்டர்

குட்மேய்ஸில் யோகலிங்கத்தைத் தெரியாத தமிழர் ஓரிருவர் இருக்கலாம். தெரிந்தவர்களில், கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றிய அவருடைய பிரசங்கத்துக்குத் தப்பியவர் ஒருவரும் இல்லை. இரவில் பெற்றோல் நிலையத்துக் கண்ணாடிக்குப் பின்னால் வேலை. காலையில் வந்து படுப்பார். பிற்பகல் இரண்டு மணிக்கு எழும்பி, ரீவியில் போகும் பழைய ஹொலிவூட் படத்தின் முன்னால் பிளேன்ரீயோடு உட்காருவார். உடம்பில் சாரம்தான், மனத்தில் கோட்டும் தொப்பியும்.

"நிறம் கண்ணை ஏமாத்தும். முகம் ஏமாத்தாது" என்பது அவருடைய தத்துவம். கோயில் அன்னதான வரிசையில் சோற்றுக்குக் கோப்பையை நீட்டியபடியே அதை விளக்குவார். வரிசை நகராது.

தத்துவம் பிறந்த இடம் அவ்வளவு உயர்ந்ததல்ல. 1988இல் அவர் பழைய கலர் ரீவி ஒன்றை வாங்கினார். இந்த வெள்ளைக்காரர் நாட்டில் வீட்டில் ரீவி பார்க்கவே வருடாவருடம் அரசாங்கத்துக்குக் காசு கட்டவேண்டும். தபால் கந்தோரில் கலர்ப் பெட்டிக்கு ஒரு லைசென்ஸ். கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு வேறொன்று, மூன்றிலொரு பங்கு விலையில். யோகலிங்கம் நேர்மையான மனிதர். மலிவான லைசென்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, நிறத்தைக் கூட்டும் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பி, அதன்மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒன்றை ஒட்டினார். இனிச் சட்டத்துக்கும் தனக்கும் ஒரு கொழுவலும் இல்லை என்று நிம்மதியாகப் படுத்தார். அடுத்த மாதம் வந்து சேர்ந்த மனைவி தவநாயகியிடம், "இது கறுப்பு வெள்ளைப் பெட்டி. அந்தப் பிளாஸ்டரைத் தொட்டீரெண்டால் ஷொக் அடிக்கும்" என்றார். அவள் நம்பினாள். தூசி தட்டும்போதுகூட அந்த மூலையை விட்டுவிட்டுத் தட்டினாள்.

1990இல் தவநாயகியின் தங்கை சிவனேஸ்வரிக்கு ஜேர்மனியில் கலியாணம். பயணப் பத்திரம் இல்லாததால் இவர்களால் போக முடியவில்லை. ஊரைவிட்டு வரும்போது தவநாயகி தன்னுடைய கிளிப்பச்சைச் சேலையைத் தங்கையிடம் கொடுத்து, கூறையை மாற்றியதும் இதைத்தான் கட்டவேண்டும் என்று சொல்லியிருந்தாள். தங்கையும் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். வீடியோக் கொப்பி வந்தது. கூறையை மாற்றிக்கொண்டு வந்த சிவனேஸ்வரி வெளிறிய சாம்பலில் ஏதோ கட்டியிருந்தாள்.

"என்ரை பச்சை எண்டால் கறுப்பாத் தெரியவேணும். இது வேறை என்னவோ சீலை. அக்காவின்ரை பழஞ்சீலை அவவுக்கு வெக்கமாப் போச்சு" என்றாள் தவநாயகி. அதோடு கடிதம் நின்றது. அங்கிருந்து வந்த கடிதங்கள் பிரிக்கப்படாமல் அரிசிப் பேணிக்குப் பின்னால் கிடந்தன.

பிளாஸ்டரை உரித்துக் குமிழைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்கு யோகலிங்கத்திடம் துணிவு இருக்கவில்லை. திருப்பினால் தங்கை குற்றமற்றவளாகலாம்; தான் பொய்யன் ஆவது நிச்சயம். "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு இரண்டு வருடத்தை ஓட்டினார். அவள் பின்னேரங்களில் தபால்காரனுடைய பெட்டிச் சத்தத்துக்கு எழும்பிப் போய், எழும்பிய கோபத்தில் திரும்பி வருவதைப் பார்க்கும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. அப்போதும் "ம்" தான்.

அவருக்கு உயிரான படம் ஒன்று இருந்தது. சாட்சிக்கூண்டில் மனைவி, எதிரே குற்றவாளியாகக் கணவன். உன் கணவன் உன்னிடம் பொய் சொன்னானா என்று வக்கீல் கேட்பார். அவள் ஒரு முழு நிமிடம் வாய் திறக்கமாட்டாள். கணவன் இமைகளை மட்டும் மெல்லத் தாழ்த்துவான். அந்த இமைத் தாழ்த்தலை யோகலிங்கம் குளியலறைக் கண்ணாடியில் மாதக்கணக்காகப் பழகினார். தவநாயகி பயந்துபோய் அவரை டொக்டரிடம் கூட்டிப்போய்க் கண்ணுக்குச் சொட்டுமருந்து வாங்கிக் கொடுத்தாள்.

1992 ஒக்ரோபரில் அதே படம் போய்க்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. லைசென்ஸ் பார்க்கும் அதிகாரி. யோகலிங்கம் இமைகளைத் தாழ்த்தி வரவேற்றார். "கண்ணில் ஏதாவது வருத்தமா?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

உள்ளே வந்த அதிகாரி பிளாஸ்டரைக் கண்டார், உரித்தார், குமிழை முழுவதும் திருப்பினார். படம் கறுப்பு வெள்ளையாகவே ஓடியது. படமே அப்படி எடுக்கப்பட்டது அல்லவா! கலை தன்னைக் கைவிடாது என்று யோகலிங்கம் உருகிப்போனார். அதிகாரியும் சாட்சிக்கூண்டுக் காட்சியில் மயங்கி நின்றுவிட்டார். வக்கீல் கேள்வியைக் கேட்டார். அவள் கணவனைப் பார்த்தாள்.

விளம்பர இடைவேளை வந்தது. மஞ்சள் மாஜரீன், செம்மஞ்சள் தோடம்பழம், பச்சைப் புல்வெளி எல்லாம் ஒன்றாக வரவேற்பறைக்குள் கொட்டின.

தவநாயகி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள்.

"இது கலர் ரீவியே?"

யோகலிங்கம் இமைகளைத் தாழ்த்தினார்.

"கண்ணைத் திறந்து சொல்லுங்கோ. இவ்வளவு நாளும் கலர் ரீவியே?"

"ஓம்."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கலியாணம் கட்டிய மனிதராக இருக்கவேண்டும். ஒரு கிழமைக்குள் கலர் லைசென்ஸ் எடுக்கச் சொல்லிவிட்டு, தேத்தண்ணியைத் தொடாமலே போய்விட்டார்.

"கலியாண வீடியோக் கொப்பியைப் போடுங்கோ" என்றாள் தவநாயகி.

போட்டார். கூறையை மாற்றிக்கொண்டு சிவனேஸ்வரி வந்தாள். கிளிப்பச்சை. கரையில் மாம்பழ மஞ்சள். தவநாயகி நிலத்தில் இருந்துகொண்டு திரையைக் கையால் தடவினாள். "கட்டியிருக்கிறாள். என்ரை பிள்ளை கட்டித்தான் இருக்கிறாள்" என்று வாய்விட்டு அழுதாள். யோகலிங்கம் பக்கத்தில் இருக்கப் போனார். அவள் தள்ளி இருந்தாள்.

பிறகு எழும்பி ஜேர்மனிக்கு ரெலிபோன் எடுத்தாள். இரண்டு பக்கமும் கொஞ்சநேரம் அழுகைதான். திடீரென்று தவநாயகி ரிசீவரை அவரிடம் நீட்டினாள்.

"ஏன் ரண்டு வருஷம் கடிதம் போடேல்லையெண்டு கேக்கிறாள். நீங்களே சொல்லுங்கோ."

யோகலிங்கம் வாங்கினார். பழகிய இமைகள் தாமாகவே தாழ்ந்தன. ஆனால் ஜேர்மனியில் இருக்கிறவளுக்கு இமை தெரியாது. வாயைத் திறக்கத்தான் வேண்டும்.

"பிள்ளை," என்றார், "எங்கடை ரீவியிலை நான் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தனான்."