அம்மா கூப்பிட்ட பிள்ளை

கைத்தொலைபேசித் திரையில் அம்மாவின் முகத்துக்கு மேலே ஒரு கை வந்து போகும். மணிக்கட்டில் இரண்டு மெல்லிய காப்பு, விரல்களுக்கிடையே ஒரு பச்சைச் சீப்பு. அம்மா என்னோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை அவருடைய நரைத்த தலையை வகிடெடுத்து வாரி, நுனியில் சிக்கெடுத்து, பின்னாமல் ஒரு முடிச்சாக முடியும். அந்தக் கைக்குரியவள் திரைக்குள் வரமாட்டாள். தாயும் மகளும் கதைக்கிற நேரம் என்று ஒதுங்கி நிற்கிறாளாம். ஆள் ஒதுங்கினாள், கை ஒதுங்கவில்லை. ரொறன்ரோவில் தடித்த மேலங்கியோடு பேருந்துக்குக் காத்து நின்றபடி நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா என்ன சொன்னார் என்பது பாதி நாள் காதில் விழுவதில்லை.

அது என் மச்சாளின் கை. தம்பியின் மனைவி, வல்வெட்டித்துறைப் பெண். பருத்தித்துறையிலுள்ள எங்கள் வீட்டுக்கு அவள் வாழ வந்தபோது நான் கனடாவுக்கு வந்து பன்னிரண்டு வருடங்களாகியிருந்தன. கலியாணத்துக்குப் போக விடுமுறை கிடைக்கவில்லை. எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. விடிய ஆறு மணிக்குப் போய், யார் யாருடைய அம்மாக்களையோ குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, தலை வாரிவிடுவேன். என் அம்மாவுக்கு அதையெல்லாம் செய்ய இன்னொரு வீட்டுப் பெண் ஒருத்தி வந்து வாய்த்தாள். இதில் நான் கோபப்பட எந்த நியாயமும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நியாயம் தெரிந்தால் எரிச்சல் அடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு நாளாவது எரிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

சின்ன வயதில் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தம்பியைத் 'தம்பி' என்பார், என்னைப் 'பிள்ளை' என்பார். அடி விழப்போகிற நாளில் மட்டும்தான் பெயர் வரும். அதனால் ஒருநாள் திரையில் அவர், "பிள்ளை, உந்தச் செம்பை எடு" என்றதும், நடுத்தெருவில் நின்ற நான், "என்னம்மா?" என்று பதறிக் கேட்டுவிட்டேன். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உன்னையில்லையடி. இவளையெல்லோ கூப்பிட்டனான். நீ உங்கையிருந்து செம்பு எடுத்துத் தரப் போறியோ?" என்றார். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை, கணவர் கேட்டதற்குத் தலையிடி என்றேன். வீட்டுக்கு வந்துபோகிறவர்களிடம் அம்மா என்னை 'கனடாப் பிள்ளை' என்று சொல்வதாகத் தம்பி பிறகொருநாள் பெருமையாகச் சொன்னான். வெறும் பிள்ளை வேறொருத்தி ஆகிவிட்டதால் எனக்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டிருந்தது.

எங்கள் இல்லத்தில் மே மாதத்து இரண்டாம் ஞாயிறு பெரிய கொண்டாட்டம். கிழவிகளுக்கு உதட்டுச் சாயம் பூசி, சட்டையில் பூக் குத்தி, வாசலைப் பார்க்கும்படி உட்காரவைப்போம். பிள்ளைகள் அட்டைகளோடும் பூங்கொத்துகளோடும் வருவார்கள். ஒரு மணித்தியாலம் இருந்து கட்டிப்பிடித்துப் படமெடுத்துவிட்டுப் போவார்கள். வருடம் முழுக்க அந்தத் தாயைக் குளிப்பாட்டுகிற நாங்கள் சுவரோடு ஒட்டி நின்று கைதட்டுவோம். ஆனாலும் அந்தத் தாய்க்கு அன்றைக்கு முகம் மலர்வது அந்த ஒரு மணித்தியாலக்காரருக்குத்தான். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. இந்தக் கணக்கில் ஊரில் சுவரோடு நிற்கவேண்டியவள் மச்சாள்.

முதல் வருடம் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, "இண்டைக்கு அன்னையர் தினம்" என்றேன். அம்மா குழம்பிப்போனார். "சித்திரைப் பறுவம் போன கிழமை முடிஞ்சுதெல்லோ. நான் என்ரை அம்மாவுக்கு விரதம் பிடிச்சு முடிச்சிட்டன்" என்றார். எங்கள் ஊர் வழக்கம் அது. தகப்பன் இல்லாதவர்களுக்கு ஆடி அமாவாசை, தாய் இல்லாதவர்களுக்குச் சித்திராப் பௌர்ணமி. தாய் உயிரோடு இருக்கிறவர்கள் அந்த விரதத்தைப் பிடிக்கக்கூடாது, பிடித்தால் தாய்க்கு ஆகாது என்பார்கள். அம்மாவுக்குத் தெரிந்த அன்னையர் தினம் அது ஒன்றுதான். இது உயிரோடு இருக்கிற அம்மாக்களுக்கு என்று நான் விளக்கியதும், "நான் இருக்கேக்கையே எனக்கொரு நாளோ? சரி, போகட்டும்" என்று பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்.

அடுத்த வருடம் நல்லூர்ப் பக்கத்துக் கடையொன்றில் இணையத்தில் கேக்குக்குச் சொன்னேன். வெளிநாட்டில் இருந்து காசு கட்டினால் பருத்தித்துறைக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அம்மாவின் படத்தைக் கேக்கின்மேல் அச்சடிக்கலாம், கீழே ஒரு வரி எழுதலாம். எந்தப் படத்தைத் தெரிவுசெய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். மச்சாளின் கை படாத படமாக இருக்கவேண்டும் என்று தேடி, நான் ஊரில் இருந்த காலத்துப் படம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். வரியையும் அழகாக எழுதினேன்: 'என்றும் உங்கள் நினைவுடன், அன்பு மகள்.' எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது.

ஞாயிறு பின்னேரம் அம்மா கேக்கைப் புகழ்ந்து தள்ளினார். "கஜு நிறையப் போட்டு அனுப்பியிருக்கிறாய். என்ரை முகத்தை ஆர் வெட்டுறது எண்டு எல்லாருக்கும் பயம். பேந்து பிள்ளைதான் வெட்டினவள்." நான் முந்திரிப்பருப்புக் கேட்கவேயில்லை. நான் எழுதிய வரியைப் பற்றி அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், நானும் கடைக்குத் தொலைபேசி எடுத்துச் சண்டை பிடித்தேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கேக் கடையை விட்டுப் புறப்படுமுன் எடுத்த படத்தை அனுப்பினார்கள். அம்மாவின் பழைய படம். அதன் இரண்டு பக்கமும் கிறீமினால் வரைந்த குத்துவிளக்குகள். கீழே என் வரி. ஊர்ப் பத்திரிகையில் வருகிற நினைவஞ்சலி அச்சு அசலாக என் முன்னால் இருந்தது. அந்த வரியை நான் எங்கே படித்துப் பாடமாக்கியிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. வருடக்கணக்காக ஊர்ச் செய்தி என்று மரண அறிவித்தல்களைத்தானே படித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தன் பங்குக்கு இரண்டு விளக்கு ஏற்றிவைத்திருக்கிறார்.

மச்சாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மாமி பாக்கேல்லை மச்சாள். நான் கேற்றடியிலையே கண்டிட்டன். கரண்டியாலை வழிச்சுப்போட்டு, வீட்டிலை கிடந்த கஜுவைப் பரவிவிட்டனான்" என்றாள்.

"தம்பிக்குச் சொன்னனீரோ?"

"அவருக்கு ஏன்? நீங்கள் ஆசையிலை எழுதினது."

அவள் அதைச் சொல்லிச் சிரித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருந்தால் இன்னும் நல்லது, வாய் நிறையத் திட்டியிருக்கலாம். கடைசிவரை அவள் யாருக்கும் சொல்லவில்லை. கெட்டவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது சுகம். நல்லவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவளுக்குப் போக்கிடமே இல்லை. அம்மாவுக்கு நான் அனுப்பிய அன்பைக்கூட அவள் வழித்துத் துடைத்துத்தான் பரிமாற வேண்டியிருந்தது.

போன மார்கழியில் அம்மா போய்விட்டார். பனிப்புயலில் விமானங்கள் தடைப்பட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குத்தான் என்னால் போய்ச்சேர முடிந்தது. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் நேரே மச்சாளிடம் போய் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாள் ஒருவர் மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்து, "தங்கச்சி ஆர், தெரியேல்லை?" என்று கேட்டார். "மகள்" என்றேன். அவர் திரும்பி மச்சாளைப் பார்த்தார், சரிதானா என்று கேட்பதுபோல. மச்சாள் ஓம் என்று தலையாட்டிய பிறகுதான் அவர் என் கையைப் பிடித்தார். பெற்ற தாய்க்கு நான் மகள் என்பதற்கு அவள் சாட்சி சொல்லவேண்டி வந்ததே என்று அன்று முழுக்க வயிறு எரிந்தது.

ரொறன்ரோவுக்குத் திரும்பியதும் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். இந்த வருடம் அன்னையர் தினத்துக்கு அடுத்த நாள் திங்கட்கிழமை சித்திராப் பௌர்ணமி. மச்சாளின் தாய் வல்வெட்டித்துறையில் நல்ல சுகமாக இருக்கிறார். ஆகவே அவள் விரதம் பிடிக்க முடியாது. சமைக்கலாம், படைக்கலாம், தம்பிக்குப் பரிமாறலாம், ஆனால் அம்மாவுக்காகப் பசித்திருக்க அவளுக்கு உரிமை இல்லை. எங்கள் இருவரில் அது எனக்கு மட்டும் உரியது. அம்மா இறந்ததில் எனக்கு மிஞ்சியது இந்த ஒன்றுதான் என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் சந்தோஷப்பட்டேன். ஞாயிறன்று இல்லத்தில் கிழவிகளுக்குப் பூக் குத்தும்போதும் நாளைய விரதத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் விடியத் தலை முழுகி, திருநீறு பூசி, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வேலைக்குப் போனேன். நான்கு பேரைக் குளிப்பாட்டி முடிக்க ஒன்பதரை ஆகிவிட்டது. ஓய்வறைக் குளிர்சாதனப் பெட்டியில் நேற்றைய விருந்தில் மிஞ்சிய தட்டு இருந்தது. கூட வேலை செய்கிற பெண் பேசிக்கொண்டே ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தாள். நானும் பேசிக்கொண்டே தின்றேன். பாதிக்கு மேல் போன பிறகுதான் அது முட்டைச் சாண்ட்விச் என்பதும், இன்று என்ன நாள் என்பதும் நினைவுக்கு வந்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததுபோல ஆயிற்று. வாயைக் கொப்பளித்தேன். வெளியே வந்து படிக்கட்டில் இருந்து தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே மாலை ஏழு மணி.

தம்பி மத்தியானம் படைத்துச் சாப்பிட்டுவிட்டான். "இவள்தான் அக்கா காலமை துவக்கம் ஒண்டும் வாயிலை வைக்கேல்லை. நீ ஒருக்காச் சொல்லு" என்று தொலைபேசியை மச்சாளிடம் கொடுத்தான். எனக்குள் பழைய நெருப்பு குப்பென்று பற்றியது. இதையும் விடமாட்டாளா?

"உம்மடை அம்மா இருக்கிறா. நீர் உந்த விரதம் பிடிக்கக் கூடாது, தெரியாதே?" என்றேன்.

"விரதம் பிடிக்கேல்லை மச்சாள். எனக்கு உரித்தில்லை எண்டு தெரியும். சாப்பிடுவம் எண்டுதான் கோப்பையிலை சோறு போட்டனான். மாமிக்குக் குழைச்சுக் குடுக்கிற நேரம் அது. இறங்கேல்லை." பிறகு அவளே கேட்டாள். "நீங்கள் பிடிக்கிறியள்தானே? பெத்த மகள் பிடிச்சாத்தான் அவவுக்குப் போய்ச் சேரும்."

வாயில் இன்னும் முட்டை மணந்தது.

"ஓம்" என்றேன்.