சிவக்கக் கூடாத தகடு

சூடேறிய அரக்கின் வாடை எங்கிருந்தாவது வந்தால் இன்றும் நான் அங்கே நிற்பதில்லை. இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்தைய கோடை ஒன்றில், தர்மபுரியில் எங்கள் வீட்டு ஓரத்து அறை முழுக்க அந்த வாடைதான். ஊருக்கு மின்சாரம் வந்த புதிது. எங்கள் வீட்டில் தெலுங்கு வழக்கம் என்பதால் அப்பாவை நாங்கள் 'நைனா' என்போம். 'கரண்ட் ஆபீஸில்' வேலை பார்த்த நைனா, சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி, கம்பிச் சுருள்களுக்கு அரக்குப் பூசி, தன் கையாலேயே ஒரு கம்பியில்லாத் தந்திக் கருவியைக் கட்டி வைத்திருந்தார். தெருவில் அதற்குப் 'பேசற பொட்டி' என்று பெயர். அது ஒரு வார்த்தை பேசியதில்லை, டொக்கு டொக்கென்று தந்தி அடித்ததோடு சரி.

அலையைப் பெருக்கி வானத்துக்கு அனுப்புவது சொம்பளவு பெரிய ஒரு கண்ணாடி 'வால்வு'. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு தகடு நிற்கும். ஓயாமல் தந்தி அடித்தால் தகடு சூடேறிச் சிவக்கும். சிவந்த பிறகும் நிறுத்தாவிட்டால் பம்பாயிலிருந்து வரவழைத்த வால்வு போயே போய்விடும். நைனாவின் கண் செய்தி எழுதும் நோட்டுப் புத்தகத்தில் இருக்குமாதலால் தகட்டைப் பார்த்துக்கொள்வது ஒன்பது வயதுப் பெண்ணான என் வேலை. அம்மா அந்த அறை வாசலைக்கூட மிதிக்க மாட்டாள். "எமனைக் கொண்டாந்து வூட்டுக்குள்ள உக்கார வெச்சிருக்கீங்க" என்று நைனாவிடம் சொல்வாள். அவள் பயந்ததில் தப்பில்லை. சுவிட்சை அணைத்த பிறகும் அந்தக் கருவிக்குள் ஆளைக் கொல்லும் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். அதை இறக்குவதற்கென்றே, செம்புக் கொக்கி வைத்த ஒரு மூங்கில் கம்பு ஜன்னலோரத்து ஆணியில் தொங்கும். கொக்கியிலிருந்து ஒரு கம்பி ஜன்னல் வழியாகப் போய், வெளியே ஈரமண்ணில் புதைத்த குழாயில் முடியும். கொக்கியால் தொட்ட பிறகுதான் நைனா உள்ளே கைவிடுவார்.

வருஷத்துக்கு ஒருமுறை பல தேசத்துக்காரர்களும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளும் போட்டி ஒன்று உண்டு. அந்த வருஷம் அது அக்கினி நட்சத்திரத்தில் வந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் ஓட்டுக் கூரை நெருப்பாய்க் காய்ந்தது. மேஜைக் காற்றாடி வால்வுக்குத்தான், நைனாவுக்கு ஓலை விசிறிகூட இல்லை. வியர்வை சொட்டி நோட்டில் எழுத்தெல்லாம் ஊறியது. கால் மணிக்கொரு தரம் "செவந்துடுச்சு நைனா" என்பேன். அவர் நிறுத்துவார், தகடு ஆறும், மறுபடி தொடங்குவார். வெளியே காற்று லேசாக வீசியது, ஜன்னலில் தொங்கிய மூங்கில் தட்டி அதை உள்ளே விடவில்லை. தட்டியை உயர்த்தி, கைக்கெட்டிய கம்பை எடுத்து முட்டுக் கொடுத்தேன். சிலுசிலுவென்று காற்று வந்தது. எனக்கு ஒரே பெருமை.

அப்போது எங்கோ தூரதேசத்திலிருந்து ஒருவர் நைனாவைக் கூப்பிட்டார். பதில் அடிக்கும்போதே தகடு சிவந்தது. சூட்டில் ஈயப் பற்று இளகி, வால்வின் பக்கத்தில் ஒரு கம்பி கழன்று தொங்கியது. நைனா சுவிட்சை அணைத்துவிட்டு, பார்க்காமலே வலது கையை ஆணிப் பக்கம் நீட்டினார். வெறும் ஆணி. தூரத்து ஆள் போய்விடுவார் என்ற அவசரத்தில் இடது கையை உள்ளே விட்டுவிட்டார்.

படீரென்று ஒரு சத்தம். நாற்காலியோடு மல்லாந்து விழுந்தவர் அசையவில்லை. நைனாவை நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது, கண் திறந்தார். முதலில் ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கம்பை உருவி ஆணியில் மாட்டினார். தட்டி விழுந்து அறை இருண்டது. சத்தம் கேட்டு அம்மா முதல் தடவையாக அந்த அறைக்குள் ஓடிவந்தாள். "கம்ப எடுக்க மறந்துட்டேன். என் தப்புதான்" என்றார் நைனா. அவர் விரல் நுனிகள் கருகியிருந்தன.

ஒரு வாரம் கழித்து, கைக்கட்டோடு மறுபடி உட்கார்ந்து என்னையும் கூப்பிட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தகடு சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. என் கண் ஆணியில் தொங்கிய கம்பின்மேலேயே இருந்தது. "செவந்துடுச்சு நைனா" என்றேன். அவர் திரும்பி வால்வைப் பார்த்தார்.

"சரி பாப்பா" என்று அணைத்தார்.

அந்தக் கோடை முழுக்க அப்படித்தான் நடந்தது. ஒருவரோடும் அவர் முழுதாகப் பேசி முடிக்கவில்லை. யுத்தம் வந்ததும் கருவிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வால்வைப் பஞ்சில் பொதிந்து அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வாடிப்போன அவர் முகத்தைப் பார்த்தும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது வரிசையாகக் கடைகள். என் பேரனின் கம்ப்யூட்டர் சூடேறினால் தானாகவே நின்றுகொள்கிறது, பக்கத்தில் யாரும் காவல் இருக்க வேண்டியதில்லை. நைனா போயும் நெடுங்காலம் ஆகிவிட்டது. அந்தக் கம்பை எடுத்தது நான்தான் என்று கடைசிவரை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.