எந்தத் தெற்கு?

பழைய மொன்ட்ரியாலைச் சுற்றிக்காட்ட ஒரு மணி நேரம் தன் காரோடு வந்திருக்கிறார் யாழ்ப்பாணத்துக்காரர் யோகன். கல் கட்டடங்களைப் பற்றி அவர் சொல்வதில் பாதிதான் என் காதில் விழுகிறது. இன்று அமாவாசை. அப்பாவுக்குத் தெற்குப் பார்த்து எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஆற்றோரம் நிறுத்தச் சொல்லி இறங்குகிறேன்.

“தெற்கு எந்தப் பக்கம்ணே?”

ஆற்றின் அக்கரையைக் காட்டுகிறார். காலைச் சூரியனும் அங்கேதான் நிற்கிறது.

“அது கிழக்கு இல்லையா?”

“ஓம், கிழக்குத்தான். ஆனா இஞ்சை அதைத்தான் தெற்கு எண்டு சொல்லுறது. ரோட்டுப் பேரெல்லாம் அப்பிடித்தான். உமக்கு எந்தத் தெற்கு வேணும் தம்பி, சூரியன்ரை தெற்கோ, சனத்தின்ரை தெற்கோ?”

எள் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொட்டிக்கொள்கிறேன்.

“நீங்க எந்தப் பக்கம் பார்த்து விடுவீங்க?”

“சனத்தின்ரை தெற்குதான். எங்கடை அப்பா இஞ்சை வந்துதான் காலமானவர். அவருக்கு இது பழகின இடம்.”

என் அப்பா மதுரையைத் தாண்டியதே இல்லை. கையிலுள்ள எள்ளை இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி விடுகிறேன். வழி தெரியாமல் நின்றாலும் யாரிடமும் கேட்கமாட்டார் அப்பா.